சென்னை வழியாகப் பலாலி: தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் சென்னை வழியாக வந்து இறங்கக்கூடிய பலாலி விமான நிலையம், சென்னை விமான நிலையத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீற்றர். கொழும்பு கட்டுநாயக்க கிட்டத்தட்ட 650. ஆனால் அட்டவணையில் இரண்டுக்கும் பெரிய நேர வித்தியாசம் இல்லை: இரண்டுமே ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான். கட்டுநாயக்கவுக்கு ஜெட் பறக்கிறது. பலாலி ஓடுபாதை குட்டையானது என்பதால், மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும் ஏடிஆர் 72 என்ற விசிறி விமானமே அங்கே இறங்குகிறது. திருச்சியிலிருந்து இன்னும் கிட்ட, 185 கிலோமீற்றர்தான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம், கடிகாரத்தை மாற்றத் தேவையில்லை.

கட்டுநாயக்கவில் இறங்கினால் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி 360 கிலோமீற்றருக்கு மேல், வேன் வண்டியில் ஆறேழு மணி நேரமாவது பிடிக்கும். பலாலியிலிருந்து யாழ் நகரம் அரை மணித்தியாலம். முதியவர்களோடும் கைக்குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனாலும் எல்லோருக்கும் சென்னை வழியைச் சொல்லமாட்டோம். காரணம் விசாவும் பயணப் பொதியும்.

லண்டன்–சென்னை ஒரு சீட்டு, சென்னை–யாழ்ப்பாணம் வேறொரு சீட்டு என்று தனித்தனியாக எடுத்தால், சென்னையில் குடிவரவைக் கடந்து பொதியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். அது இல்லாவிட்டால் புறப்படும் ஊரிலேயே ஏற்றமாட்டார்கள். 30 நாள் இ-விசாவில் இரண்டு முறை நுழையலாம், ஆனால் அந்த 30 நாள் முதல் நுழைவிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். ஊரில் ஐந்து வாரம் நின்றுவிட்டுத் திரும்பும்போது சென்னையில் நுழைய முடியாது. அப்படிப்பட்டவர்கள் ஓராண்டு விசாவே எடுக்கவேண்டும். இலங்கைக்கான ஈடிஏ என்ற இணையவழிப் பயண அனுமதி வேறு, அதையும் புறப்படுமுன் எடுத்துவிடுங்கள்.

ஒரே சீட்டாக எடுத்தவர்கள் பொதியில் ஒட்டும் துண்டைப் பாருங்கள். கடைசி இடமாக ஜே-ஏ-எஃப் (JAF) என்ற பலாலியின் குறியீடு இருந்தால் பொதி பலாலிக்கே வரும்.

எடை அடுத்த சிக்கல். கனடாவிலிருந்து 23 கிலோப் பெட்டி இரண்டு கொண்டுவரலாம் என்றாலும், தனியாக எடுத்த ஏடிஆர் சீட்டில் அந்த அளவு கிடையாது. கூடுதல் கிலோவை இணையத்தில் முன்பே வாங்குங்கள், விமான நிலையத்தில் விலை ஏறும். பணம் கட்டினாலும் சிறிய விமானத்தில் இடமில்லையென்றால் பெட்டி பின்தங்கலாம். மருந்து, நகை, கல்யாணச் சேலை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

இரண்டு தனிச் சீட்டுகளுக்கிடையே ஆறு மணி நேரமாவது விடுங்கள். முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறினால் நட்டம் உங்களுடையதே. பலாலிச் சேவைகள் சொற்பம், பெரும்பாலும் மறுநாள்தான் அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் இரவுத் தங்கலைச் சேர்த்தே திட்டமிடுங்கள்: 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. கல்யாணம், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி போன்ற நாள் தவறக்கூடாத காரியங்களுக்கு இரண்டு நாள் முன்னதாக வந்து சேரும்படி சீட்டு எடுங்கள்.