போர்க்களத்தில் தாக்குதல் ஹெலிகாப்டர் படைப்பிரிவை வழிநடத்துதல்

தாக்குதல் ஹெலிகாப்டர் படைப்பிரிவின் தலைமையை ஏற்பவர் முதலில் கைவிட வேண்டியது, தாமே சுட வேண்டும் என்னும் ஆவலை. சிறந்த விமானி என்பதால்தான் அவர் அந்தப் பொறுப்புக்கு வந்திருப்பார். ஆயினும் குறிபார்க்கும் திரையில் கண் பதிந்துவிட்டால், எந்தப் படை எங்கே நிற்கிறது என்பது மனத்திலிருந்து நழுவிவிடும். 1991 பிப்ரவரி 17 அன்று, வளைகுடாப் போரில், அப்பாச்சி என்னும் தாக்குதல் ஹெலிகாப்டர்களைக் கொண்ட அமெரிக்க பட்டாலியன் ஒன்றின் கட்டளை அதிகாரி தாமே ஏவிய ஏவுகணைகள் சொந்தப் படையின் இரண்டு கவச வாகனங்களைத் தாக்கின; இரண்டு வீரர்கள் இறந்தனர். ஆகவே நீங்கள் உடன் பறந்தாலும், சுடும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, இலக்கு நம்முடையதன்று என்று தரைப்படை உறுதிசெய்யும்வரை அனுமதியை நிறுத்திவைப்பதையே உங்கள் பணியாகக் கொள்ளுங்கள்.

அடுத்தது எரிபொருள். திட்டத்தை இலக்கிலிருந்து தொடங்காமல், எரிபொருளும் குண்டுகளும் நிரப்பும் முன்கள இடத்திலிருந்து தொடங்குங்கள். 2003 மார்ச்சில் ஈராக்கின் கர்பலா அருகே ஏறத்தாழ 30 அப்பாச்சிகள் சென்ற தாக்குதலில், எரிபொருள் போதாமையால் புறப்பாடு தாமதமானது. அவற்றுக்கு வழிதிறக்க வேண்டிய துணைத் தாக்குதல்களோ அந்தத் தாமதத்துக்கு ஏற்ப ஒத்திவைக்கப்படவில்லை. ஒரு ஹெலிகாப்டர் எதிரி மண்ணில் இறங்க நேர்ந்து, அதன் விமானிகள் இருவரும் சிறைப்பட்டனர். திரும்பியவற்றில் பெரும்பாலானவை துப்பாக்கிக் குண்டுகளால் துளைக்கப்பட்டிருந்தன. புறப்பாடு தள்ளிப்போனால் பீரங்கிப் படைக்கும் போர்விமானங்களுக்கும் அதை யார் தெரிவிப்பது, எவ்வளவு தாமதத்துக்குப் பின் பணியையே கைவிடுவது என்பவற்றை முந்தைய இரவே எழுத்தில் முடிவு செய்யுங்கள். கைவிடும் முடிவை எடுப்பதுதான் மிகக் கடினம். என் கருத்தில், ஒரு தலைவரின் தகுதி அங்கேதான் தெரியவரும்.

பாலைநிலத்தில் தூசி என்ஜின் தகடுகளை அரிக்கும்; தரையிறங்கும்போது விமானியின் பார்வையை முற்றிலும் மறைக்கும். வெப்பம் மிகும்போது காற்றின் அடர்த்தி குறைவதால் ஏற்றிச்செல்லும் எடையையும் குறைக்க வேண்டியிருக்கும். எனவே, இத்தனை ஹெலிகாப்டர்கள் தயார் என்று மேலிடத்துக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன், பராமரிப்புத் தலைவரை நேரில் கேளுங்கள். அவர் ‘இல்லை’ என்று சொன்னால் இல்லைதான். இரவில் பறந்த விமானிகளைப் பகலில் கூட்டங்களுக்கு அழைக்காதீர்கள்.

ஒவ்வொரு பணிக்குப் பிறகும், அன்றே, குறிபார்க்கும் கருவியின் பதிவுகளை விமானிகளுடன் அமர்ந்து பாருங்கள். உங்கள் உத்தரவுகளில் எது தெளிவாக இல்லை என்பதை முதலில் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.