கிராம சபையில் உங்கள் தெரு வேலையைத் தீர்மானமாக்குவது எப்படி?

திருநெல்வேலி மாவட்டத்து மானூர் அம்பலநாதசுவாமி கோயிலில் கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச்சபை எப்படி நடக்க வேண்டும் என்று விதி சொல்லும் கல்வெட்டு அது. யார் எதைச் சொன்னாலும் மறுத்துத் தடை செய்துகொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டம். ஆனால் அந்தச் சபையில் உட்கார நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். இன்றைக்கு அதே மானூரில் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பீடி சுற்றுகிற அக்காவும் கிராம சபை உறுப்பினர்தான். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தரும் இடம் இந்தச் சபை. இவ்வளவு பெரிய உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு நம்மில் பலர் வீட்டில் இருந்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. தேதி

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். இதில் அக்டோபர் 2ஐ விடவே கூடாது. அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டப் பேச்சு தொடங்குவது அந்தக் கூட்டத்தில்தான்.

2. ஒரே ஒரு வேலை, அளவோடு

பாதிக் காரியம் இங்கேதான் முடிகிறது. "எங்க தெருவுல வாறுகால் (வடிகால்) சரியில்லை" என்றால் அது புகார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். "கீழத்தெருவில் அம்மன் கோயில் முக்கிலிருந்து ரேஷன் கடை வரை 60 மீட்டருக்கு வாறுகால் இல்லை, ஐப்பசி மழையில் மூன்று வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது" என்று சொல்லுங்கள். அது கோரிக்கை. கொத்தனாரிடம் டேப் வாங்கி அளந்துவிடுங்கள், மழை நேரத்துப் போட்டோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

அப்புறம் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தெருவில் பேசிவிடுங்கள். குறிப்பாகப் பெண்களிடம். வாறுகால் எங்கே அடைக்கிறது, எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். பீடி கொண்டுபோய்க் கொடுக்கிற நேரமும் கூட்ட நேரமும் மோதினால் அவர்களால் வர முடியாது. நேரத்தை மாற்றச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள், தப்பில்லை.

3. யார் பணம்?

கன்னடியன் கால்வாய், பாளையங்கால்வாய் போன்ற பாசனக் கால்வாய்கள் நீர்வளத்துறையின் பொறுப்பு. அவற்றைத் தூர்வார ஊராட்சிப் பணத்தைக் கேட்டுப் பயனில்லை. துறையை வலியுறுத்தித் தீர்மானம் போடச் சொல்லலாம். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. தெருவிளக்கு, குடிநீர், வாறுகால், ஊருக்குள் உள்ள சிறு சாலை ஆகியவை ஊராட்சியின் வேலை.

பணத்திலும் வகை உண்டு. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டிய பணம். மீதி 40 விழுக்காட்டை ஊர்த் தேவைக்கு ஏற்பச் செலவிடலாம், சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. ஆக, "பணம் இல்லை" என்று பதில் வந்தால், "எந்தத் தலைப்பில் இல்லை?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

4. மனு

இரண்டு பிரதி எழுதி, தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. கூட்டத்தில்

கூட்டம் செல்லுபடியாக, மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். உங்கள் தெருவிலிருந்து இருபது பேர் போனாலே எவ்வளவு கனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் முதல் கூட்டத்தில் நான் பத்து நிமிடம் பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஆறு மாதம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. உள்ளே நுழையும்போதே கையெழுத்துப் போட்டுவிட்டு, முடிந்ததும் எழுந்து வந்திருந்தேன். வருகைக்கான கையெழுத்து வேறு, தீர்மானம் வேறு என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில், "அண்ணாச்சி, எழுதினதை ஒருவாட்டி சத்தமா வாசிச்சிருங்க" என்று கேட்டேன். வாசித்தார்கள், விட்டுப்போனதைச் சேர்த்தார்கள். இடமும் நீளமும் அதில் இருக்கிறதா என்று கவனித்துக் கேளுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள்.

6. அதன் பிறகு

தீர்மான நகல் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டப் பட்டியலைத் திறந்து, உங்கள் வேலை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் நகலோடு போங்கள். அங்கேயும் நகரவில்லையென்றால் மாவட்ட ஆட்சியர். சட்டப்படி அவர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர்.

திருநெல்வேலி மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது, வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. அளந்து எழுதிக்கொண்டு போகிற முறை அங்கேயும் இதேதான்.

எங்கள் தெரு வாறுகால் மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகுதான் திட்டப் பட்டியலில் ஏறியது. இப்போது ஊரணிக் கரையில் விளக்கில்லாத கம்பங்களை எண்ணி நோட்டில் எழுதிவருகிறோம். நேற்று வரை ஏழு.