சுடுசொல் வாய்க்கு வரும்போது

கோத்தகிரியில் தேயிலைத் தோட்ட வேலை முடிந்து நான் வீடு சேர ஆறு மணியாகிவிடும். உடம்பு நனைந்து, கால் மரத்துப்போயிருக்கும் அந்த நேரத்தில்தான் என் வாய் கெட்டுப்போகிறது. ஆகவே, வந்தவுடன் வீட்டில் யாரிடமும் கணக்குக் கேட்காதீர்கள். முதலில் ஈர உடையை மாற்றுங்கள். ஒரு டம்ளர் தேநீர் குடியுங்கள்.

கோபம் மூண்டால் பைபிளில் உள்ள 141-ஆம் சங்கீதத்தின் 3-ஆம் வசனத்தை மனதுக்குள் சொல்லுங்கள்: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்.” அதைச் சொல்லி முடிக்கும் நேரத்தில் நாக்கு அடங்கிவிடும்.

ஆளைப் பழிக்காமல் காரியத்தை மட்டும் பேசுங்கள். விறகு மழையில் நனைந்ததற்காக ஒருநாள் என் மகனை “உதவாக்கரை” என்றேன். இரண்டு நாள் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “விறகை உள்ளே எடுத்து வைத்திருக்கலாமே, தம்பி” என்றிருந்தால் போதும். “அப்பாவைப் போலவே நீயும்” என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அது ஒரே வீச்சில் இருவரை வெட்டும்.

தவறிப் பேசிவிட்டால், இரவு குடும்ப ஜெபத்துக்கு முன்பே மன்னிப்புக் கேளுங்கள், பிள்ளையிடமும்தான். “நீ அப்படிச் செய்ததால்தான்” என்று ஒட்டுப் போடாதீர்கள். நான் கேட்டபோது மகன் பதில் சொல்லவில்லை. என் ஈரச் சால்வையை எடுத்து அடுப்பருகே விரித்துப் போட்டான்.