பச்சை மீன், நல்ல தண்ணி, பாஸ்போர்ட்: ‘ஃப்ரெஷ்’ என்ற சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோரத்தில் ‘ஃப்ரெஷ்’ என்ற சொல் புழங்காத நாளே கிடையாது. மீன் கடைப் பலகையில் இருக்கிறது, ஜூஸ் கடையில் இருக்கிறது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இருக்கிறது. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் வானிலை அறிக்கையிலும் அதைப் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் ‘புதுசு’ என்று பொருள் வைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

இந்தச் சொல்லுக்கு நிலையான எதிர்ச்சொல் இல்லை. ரொட்டிக்கு எதிர் ‘ஸ்டேல்’, தண்ணீருக்கு ‘சால்ட்’, மீனுக்கு ‘ஃப்ரோசன்’ அல்லது ‘டிரைடு’, பாஸ்போர்ட்டுக்கு ‘ரீ-இஷ்யூ’. ஆகவே ‘ஃப்ரெஷ்’ வருகிற இடத்தில் முதலில் கேட்க வேண்டியது, ‘இங்கே இதற்கு எதிர் என்ன?’ என்பதுதான். அது தெரிந்துவிட்டால் பொருள் தானாகப் பிடிபடும்.

நல்ல தண்ணி ‘குட் வாட்டர்’ ஆகாது

நம் பக்கத்தில் தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. இதை அப்படியே ‘குட் வாட்டர்’ என்று சொன்னால் வெளியூர்க்காரர் ‘சுத்தமான தண்ணீர்’ என்று எடுத்துக்கொள்வார். சரியான சொல் ‘ஃப்ரெஷ் வாட்டர்’. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூல வடிவமான ‘ஃபெர்ஷ்’ என்பதற்கு உப்பில்லாதது என்றே பொருள். ‘புதிது’ என்ற பொருள் பின்னால் வலுத்தது. கடலோரத்துக்காரர்களுக்கு இந்தப் பழைய பொருள்தான் அதிகம் பயன்படும்.

மறுபக்கத் தவறும் உண்டு. ‘ஃப்ரெஷ் வாட்டர்’ என்றால் குடிக்கலாம் என்று உறுதி கிடையாது. அது உப்பைப் பற்றி மட்டும் பேசுகிறது. கடல்நீரில் பொதுவாக லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையோ, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 2000 வரை அனுமதி. அந்த அளவுக்குள் இருந்தாலும் கிருமி இருக்கலாம். விடுதிக் குழாயில் எழுதி வைக்கும்போது, குடிக்கத் தக்கதென்றால் ‘டிரிங்கிங் வாட்டர்’ என்றே எழுதுங்கள். குளிக்க மட்டும் என்றால் ‘நாட் ஃபார் டிரிங்கிங்’ என்று சேருங்கள்.

தனுஷ்கோடி மணலில் ஆழமில்லாமல் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணி சுரப்பதைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விளக்கும்போதும் இந்தச் சொல் வேண்டும். மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நன்னீர்ப் படலத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஃப்ரெஷ்வாட்டர் லென்ஸ்’ என்று பெயர். ஆழமாகத் தோண்டினாலோ, அளவுக்கு மீறி இறைத்தாலோ கீழுள்ள உப்பு ஏறிவிடும். அப்படிக் கலந்த நீர் ‘ஃப்ரெஷ்’ இல்லை, ‘சால்ட்’ வாட்டரும் இல்லை. அதற்கு ‘பிராக்கிஷ்’ என்ற தனிச்சொல் உண்டு. நம் சொல் உவர்நீர்.

இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரியாததால் இறால் விஷயத்தில் குழப்பம் வருகிறது. ‘ஃப்ரெஷ் பிரான்’ என்றால் உறைய வைக்காத, வாடாத இறால். ‘ஃப்ரெஷ்வாட்டர் பிரான்’ என்றால் ஆற்றிலும் குளத்திலும் வளரும் நன்னீர் இறால். உவர்நீர்ப் பண்ணையில் வளர்த்த வனாமி இறாலை உணவுப்பட்டியலில் ‘ஃப்ரெஷ்வாட்டர் பிரான்’ என்று போட்டால் அது வேறு இனம் என்று பொருளாகிவிடும். மீனுக்கும் இதே கதைதான். சீலாவும் பாறையும் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் ‘ஃப்ரெஷ்வாட்டர் ஃபிஷ்’ ஆகாது. அந்தப் பெயர் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் உரியது.

பச்சை என்ற ஒரு சொல், ஆங்கிலத்தில் பல சொல்

கருவாட்டுக்கு எதிராக நாம் ‘பச்சை மீன்’ என்கிறோம். இந்தப் ‘பச்சை’யை மொழிபெயர்க்கும்போதுதான் அதிகம் தடுக்குகிறது, ஏனென்றால் தமிழில் அதன் வீச்சு மிகப் பெரியது. பச்சை மீன் ‘ஃப்ரெஷ் ஃபிஷ்’. பச்சைப் பால், காய்ச்சாதது என்ற பொருளில் வருவதால், ‘ரா மில்க்’. பச்சரிசி ‘ரா ரைஸ்’. பச்சைத் தண்ணியில் குளித்தேன் என்றால் வெறும் ‘கோல்டு வாட்டர்’. பச்சைப் பிள்ளை ‘நியூபார்ன்’. பச்சைப் புண்ணுக்கு, இப்போதுதான் பட்டது என்றால் ‘ஃப்ரெஷ் வூண்ட்’, தோல் உரிந்து சதை தெரிகிறது என்றால் ‘ரா வூண்ட்’. மருத்துவரிடம் சொல்லும்போது இந்த இரண்டும் ஒன்றல்ல.

பலகையில் ‘ரா ஃபிஷ் அவைலபிள்’ என்று எழுதுவது இதில் பெரிய தவறு. சமைக்காத மீன் விற்பனைக்கு என்பது எழுதியவர் மனதில் இருப்பது. உணவகத்தின் முன்னால் அதைப் படிக்கும் வெளிநாட்டவருக்கோ, வேகவைக்காமல் சாப்பிடத் தரும் மீன் என்று படும். ‘ஃப்ரெஷ் ஃபிஷ்’ என்று எழுதுங்கள்.

எதை ‘ஃப்ரெஷ்’ என்று எழுதலாம் என்பதிலும் கவனம் வேண்டும். வணிகத்தில் அதன் எதிர், கெட்டுப்போனது அல்ல, உறைய வைத்தது. ஐஸில் வைத்த மீன் ‘ஃப்ரெஷ்’ தான், அல்லது ‘சில்டு’. வெப்ப நாடுகளில் மீன் எவ்வளவு எடையோ அதே எடை ஐஸ் போடுவது நல்ல அளவு. உருகும் ஐஸ் மீனைச் சுமார் 0 டிகிரியில் வைத்திருக்கும், சதை உறையாது. மைனஸ் 18 டிகிரியில் வைத்தது ‘ஃப்ரோசன்’. அதை எடுத்து உருகவைத்தாலும் மறுபடி ‘ஃப்ரெஷ்’ ஆகிவிடாது, ‘தாவ்டு’ அல்லது ‘ப்ரீவியஸ்லி ஃப்ரோசன்’ என்றே சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், குளிர்கிடங்கு மீனும் விற்பனைக்கு வரும். இரண்டையும் ஒரே பலகையில் ‘ஃப்ரெஷ்’ என்று போடுவது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும்.

ஏற்றுமதித் தாள்களில் இது இன்னும் கண்டிப்பானது. உலக நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் சரக்குக் குறியீட்டில் உயிருள்ள மீன் 0301, ஃப்ரெஷ் அல்லது சில்டு 0302, ஃப்ரோசன் 0303. உலர்த்தியது, உப்பிட்டது, புகையிட்டது எல்லாம் 0305. பெட்டிக்குள் இருப்பது உறைந்த மீன், விவரத்தில் எழுதியது ‘ஃப்ரெஷ்’ என்றால் தாளும் சரக்கும் ஒத்துப்போகாது. நல்ல தரமான மீன் என்று புகழ நினைத்து அந்தச் சொல்லைச் சேர்க்கவே கூடாது. தரத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அடையாளத்தைச் சொல்லுங்கள்: கண் தெளிந்து புடைத்திருக்கிறது, செவுள் நல்ல சிவப்பு, விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்புகிறது.

காற்று ‘ஃப்ரெஷ்’ என்றால் மகிழ வேண்டாம்

‘ஃப்ரெஷ் ஏர்’ என்றால் நல்ல காற்று, எதிர் புழுங்கிய அறைக் காற்று. ஆனால் கடல் வானிலையில் ‘ஃப்ரெஷ் பிரீஸ்’ இதமான தென்றல் கிடையாது. 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் காற்றின் வலிமைக்கு வகுத்த அளவுகோலின் இன்றைய வடிவில் அது 5-ஆம் எண். இன்றைய கணக்கில் வேகம் 17 முதல் 21 நாட், அதாவது மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். அலை 2 மீட்டர் வாக்கில் எழும், எங்கு பார்த்தாலும் வெள்ளை நுரை தெரியும். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும் என்பதால் சிறு படகுக்கு இது சாதாரணக் காற்று அல்ல. பழைய கடல் நூல்களில் ‘ஃப்ரெஷ் கேல்’ என்று பார்த்தால் அது 8-ஆம் எண், 34 முதல் 40 நாட். இன்று அதை ‘கேல்’ என்று மட்டும் சொல்கிறார்கள்.

‘விண்ட் ஃப்ரெஷனிங்’ என்று ஒரு வரி வரும். காற்று இதமாகிறது என்று படிப்பவர்கள் உண்டு. பொருள் அதற்கு நேர்மாறு: காற்று வலுத்துக்கொண்டே போகிறது. இந்த ஒரு சொல்லை மட்டுமாவது கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர் கரையில் நின்று ‘இட்ஸ் அ பிட் ஃப்ரெஷ்’ என்றால், குளிர்கிறது என்கிறார்.

படிவத்தில் இரண்டு எதிரெதிர்ப் பொருள்

வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர்களில் இது தெரிந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘ஃப்ரெஷ்’ என்றால் இதுவரை பாஸ்போர்ட்டே எடுக்காதவர் என்று பொருள். பழையது காலாவதியாகியிருந்தாலும், தொலைந்திருந்தாலும், பக்கம் தீர்ந்திருந்தாலும் ‘ரீ-இஷ்யூ’ தான். புதுப் புத்தகம்தானே வேண்டும் என்று ‘ஃப்ரெஷ்’ குறித்தால், முன்பு எடுத்ததை மறைத்ததாக ஆகிவிடும். கல்வி உதவித்தொகைத் தளத்திலும் இப்படியே: முதல் முறை கேட்பவர் ‘ஃப்ரெஷ்’, சென்ற ஆண்டு வாங்கித் தொடர்பவர் ‘ரெனிவல்’.

அதே சொல் அலுவலகக் கடிதத்தில் வந்தால் பொருள் திரும்பிவிடும். ‘சப்மிட் அ ஃப்ரெஷ் அப்ளிகேஷன்’ என்றால், கொடுத்த மனு முடிந்துபோனது, முதலிலிருந்து மறுபடி போடுங்கள் என்று அர்த்தம். விடுபட்ட ஒரு தாளை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். முன்னதில் ‘முதல் முறை’, பின்னதில் ‘இன்னொரு முறை’.

வேலை விளம்பரத்தில் ‘ஃப்ரெஷர்’ என்றால் நமக்கு முன் அனுபவம் இல்லாதவர். பிரிட்டனில் அது கல்லூரி முதலாண்டு மாணவர். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது ‘ரீசன்ட் கிராஜுவேட்’ என்று போடுவது தெளிவு.

பேச்சில் சில

‘முகம் கழுவி ஃப்ரெஷ் ஆகிட்டு வர்றேன்’ என்பது நம் பேச்சில் சரி. ஆங்கிலத்தில் ‘ஃப்ரெஷன் அப்’ என்று சொல்ல வேண்டும். ‘கெட் ஃப்ரெஷ்’ என்று சொல்லிவிடக் கூடாது. ஒருவரிடம் ‘கெட் ஃப்ரெஷ்’ என்றால் வரம்பு மீறிப் பேசுவது, தகாத முறையில் நெருங்குவது. விருந்தினராக வந்த பெண்ணிடம் இந்தத் தொடர் தவறி வந்தால் உண்மையிலேயே மனம் புண்படும்.

புதுமணத் தம்பதியை ‘ஃப்ரெஷ் கப்பிள்’ என்பதும் தவறு, அவர்கள் ‘நியூலிவெட்ஸ்’. வாங்கிய சட்டை ‘நியூ’, துவைத்து மடித்துவைத்த சட்டை ‘ஃப்ரெஷ்’.

உணவகத்தில் பணிபுரிகிறவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்கர் பேச்சில் ‘ஃப்ரெஷ் அவுட் ஆஃப் கிராப்’ என்றால் இப்போதுதான் நண்டு தீர்ந்துபோனது என்று பொருள். ‘ஆர் யூ ஃப்ரெஷ் அவுட் ஆஃப் கிராப்?’ என்று கேட்பவருக்கு, புது நண்டு இருக்கிறதா என்று கேட்டதாக நினைத்து ‘யெஸ்’ என்று தலையாட்டினால், அவர் நண்டு இல்லை என்று எழுந்து போய்விடுவார். இருந்தால் ‘வி ஹேவ் கிராப், காட் திஸ் மார்னிங்’ என்று சொல்லிவிடுங்கள்.