முயல் மேய்ச்சலைத் தடுக்கும் வழிகள்: ஊருக்குப் பொதுவான இணையப் பட்டியல் ஒன்றை அமைக்கும் முறை

திருகோணமலை மாவட்டத்தில் கச்சான், கௌபி, பயறு செய்கை பண்ணுபவர்களிடம் முயலைத் தடுக்கும் வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவை வாட்ஸ்அப் குரல்பதிவுகளாகவும் யூடியூப் இணைப்புகளாகவும் சிதறிக் கிடப்பதால், அடுத்த போகத்தில் தேடும்போது கைக்கு அகப்படுவதில்லை. இவற்றைத் திரட்டத் தனி இணையத்தளம் தேவையில்லை. ஒரு ஜிமெயில் கணக்கும், இணையத்தில் பலர் பகிர்ந்து பார்க்கக்கூடிய அட்டவணையான கூகுள் ஷீட்டும் போதும்.

முதலாம் படி: எந்த விலங்கு என்பதைத் தீர்மானித்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களின் பட்டியல் பயன்படாது என்பது என் உறுதியான கருத்து. இணையத்தில் முயல் கட்டுப்பாடு பற்றிக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஐரோப்பிய முயலைப் பற்றியது. 1859 இல் தோமஸ் ஒஸ்ரின் என்பவர் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வேட்டைக்காக விட்ட அந்த முயல்கள் கண்டமெங்கும் பெருகின. அவற்றை ஒழிக்க 1950 இல், முயல்களுக்குக் கொல்லும் நோயை உண்டாக்கும் மிக்சோமா வைரசு பரப்பப்பட்டது. அந்த முயல் நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. அதன் குட்டிகள் மயிரின்றிக் கண் மூடியவாறு பிறக்கும். நம் பற்றைகளில் உள்ள, பிடரி கறுத்த முயலோ வளை தோண்டுவதில்லை. புல்லிடையே ஆழமற்ற பள்ளத்தில் பகலில் படுத்திருந்து இரவில் மேயும். குட்டிகள் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். ஆகவே வளையை உடைத்தல், வளைக்குள் புகையடித்தல் ஆகியவை பற்றிய கட்டுரைகள் எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும் நமக்கு உதவா. வைரசு பரப்புதல் அங்கேயும் அரசு முடிவெடுத்துச் செய்த வேலை, தனி விவசாயிக்குரியதன்று.

சேதத்தைச் செய்தது முயல்தானா என்பதையும் பதிவு சொல்ல வேண்டும். முயல் கடித்த தண்டு கத்தியால் சரிவாக வெட்டியதுபோல் இருக்கும். பக்கத்தில் உருண்டையான புழுக்கைகள் கிடக்கும். மண் கிளறப்பட்டிருந்தால் பன்றியைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாம் படி: நிரல்களை அமைத்தல்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் வரியில் விலங்கு, பயிர், பயிரின் பருவம், வழிமுறை, செலவு, பயன்படுத்திய ஊர், விளைவு, இணைப்பு, சரிபார்த்த நாள் எனத் தலைப்பிடுங்கள். விலங்கு, பயிர் ஆகிய நிரல்களுக்கு 'டேட்டா வேலிடேஷன்' வசதியால் தெரிவுப் பட்டியல் கொடுத்துவிட்டால், ஒருவர் கச்சான் என்றும் மற்றவர் நிலக்கடலை என்றும் எழுதித் தேடலைக் குழப்பமாட்டார்கள். இதைக் கணினியில் செய்வது எளிது.

வழிமுறை நிரலில் அளவுகளைக் கேளுங்கள். "வலை கட்டினால் வராது" என்பது பதிவாகாது. ஐரோப்பிய முயலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வேலி ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் உயரமும் 4 சென்ரிமீற்றருக்கு மேற்படாத வலைக்கண்ணும் கொண்டது. தோண்டி நுழையாதிருக்க அடிப்பகுதி 15 சென்ரிமீற்றர் வெளிப்புறமாக மடிக்கப்படும். தோண்டி வாழாத நம் முயலுக்கு, அடியை முளைக்குச்சிகளால் நிலத்தோடு இறுக்குவது போதுமா என்பதை நம்மவர் பதிவுகளே சொல்ல வேண்டும். பட்டியலின் மதிப்பு அத்தகைய பதிவுகளில்தான் இருக்கிறது.

ஊர் நிரலில் குச்சவெளி, தம்பலகாமம் என்ற அளவோடு நிறுத்துங்கள். முயல் இறைச்சிக்காக இரவில் திரிபவர்களுக்கு வரைபடப் புள்ளிகளைக் கொடுத்து உதவ வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பதிவுகளைப் பெறுதல்

ஷீட்டைத் திருத்தும் உரிமையை இருவர் அல்லது மூவருக்கு மட்டும் கொடுத்து, மற்றவர்களுக்குப் பார்வை உரிமையும் ஒரு கூகுள் படிவமும் கொடுங்கள். படிவத்தில் கோப்புப் பதிவேற்றத்தைச் சேர்த்தால் அனுப்புபவர் கூகுள் கணக்கில் நுழைய வேண்டியிருக்கும். அதனால் பலர் பாதியிலேயே விட்டுவிடுவர். படங்களை வாட்ஸ்அப்பில் பெற்று நீங்களே கூகுள் டிரைவில் இடுவது நல்லது.

நான்காம் படி: எவற்றை நீக்குவது

சுருக்குக் கம்பி, கட்டுத்துவக்கு, வெடி மறைத்த இரை, வீட்டு மின்சாரத்தை நேரடியாகப் பாய்ச்சிய கம்பி ஆகியவை பற்றிய குறிப்புகள் வந்தால் ஏற்காதீர்கள். சுருக்கில் சிறுத்தை மாட்டுவதும் மின்கம்பியில் மனிதர் இறப்பதும் இலங்கையில் நடப்பவை. சட்டத்தில் ஐயமிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற எண்ணிலும், பயிர் சார்ந்தவற்றுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற எண்ணிலும் கேட்டபின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பேணுதல்

பழைய துண்டுப் பிரசுரங்கள் பல, யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் உள்ளன. அவற்றின் எழுத்துகளை நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகவே வரும், தமிழில் தேடினால் அகப்படாது. எழுத்துருமாற்றி ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றி, சுருக்கத்தை மட்டுமாவது ஷீட்டில் ஒட்டுங்கள். இணைப்புகள் இறந்துபோகும் என்பதால், முக்கியமான பக்கங்களை, இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து அந்த முகவரியையும் இடுங்கள். இலவச டிரைவின் 15 ஜிகாபைட்டில் உங்கள் மின்னஞ்சலும் அடங்குமாதலால், காணொளிகளை ஏற்றாமல் இணைப்பாக வையுங்கள். பெரும்போக விதைப்புக்கு முன், செப்டெம்பரில் ஒருமுறை, ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பார்த்துச் சரிபார்த்த நாளை மாற்றுங்கள். திறக்காதவற்றின் வரியை அழிக்காமல் சாம்பல் நிறமாக்கி வையுங்கள்.