ஒரு தேதி, ஓர் அட்டை: ஊருக்கு ஒரு வானிலை வரலாறு தொகுப்பது எப்படி?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில் மாதத்துக்கு ஓர் அட்டை ஒட்டுகிறேன். அந்த மாதத்தின் ஒரு தேதியில் முந்தைய வருடங்களில் அடித்த மழை, புயல், வெயில் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் ஊருக்கும் ஒன்று செய்யுங்கள். ஒரு நோட்டும் கைப்பேசியும் போதும்.

முதலில் ஒரே ஒரு தேதியை எடுங்கள். வருடம் முழுவதற்கும் தொகுக்கப் புறப்பட்டால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். நான் டிசம்பர் 26-ஐ எடுக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலம், விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

கிடைத்ததையெல்லாம் எழுதிக்கொண்டு, வானிலை அல்லாததை அடித்துவிடுங்கள். 1996-இல் கிரெக் புயல் சபா மாநிலத்தைத் தாக்கியது. கெனிங்காவ் பக்கம் வெள்ளத்தில் 200 பேருக்கு மேல் மாண்டார்கள். 2001-இல் வாமெய் புயல் உருவாகி, மறுநாள் ஜொகூரில் கரையேறியது. 2004-இல் சுனாமி, பினாங்கிலும் கெடாவிலும் நம்மவர்களைக் கொண்டுபோன நாள். ஆனால் அது கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, இந்த அட்டையில் சேராது. மனசு கேட்காதுதான், அதற்குத் தனி அட்டை போடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஏன் அது பெரிய விஷயம் என்று ஒரு வரி வேண்டும். வாமெய் பிறந்தது பூமத்திய ரேகைக்கு வெறும் 1.4 பாகை வடக்கே. புயல் சுழலப் பூமியின் சுழற்சி தரும் திருப்பம் தேவை. ரேகையை நெருங்க நெருங்க அது இல்லாமலே போய்விடும். அங்கே புயல் பிறந்ததுதான் அதிசயம்.

இனி தேதியைச் சரிபாருங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். வெளிநாட்டுப் பதிவுகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும்; நம் நேரம் அதைவிட 8 மணி முன்னால். 1981 முடியும்வரை தீபகற்பத்தில் ஏழரை மணிதான். அங்கே 25-ஆம் தேதி மாலை என்று போட்டிருந்தால் இங்கே 26 பிறந்திருக்கும். மழைமானியும் அப்படித்தான். காலையில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) குப்பியைத் தூக்கி அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து எழுதுவது, முந்தின ராத்திரி பெய்த மழையாக இருக்கும்.

பிறகு பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள், பண்டிகை சொல்வார்கள். "பொங்கலுக்கு முன்ன கோலாலம்பூரே முங்கிப்போச்சுய்யா" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. பொங்கல் ஜனவரி 14, 15-ஐ விட்டு நகராது. 1971 ஜனவரி முதல் வாரத்து வெள்ளத்தோடு பொருந்திவிட்டது. தீபாவளி, தைப்பூசம் என்றால் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

பழைய செக்ரோல், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் தினசரி வருகைப் பதிவேடு, யாரிடமாவது இருந்தால் விடாதீர்கள். என் பாட்டி வைத்திருந்த ஒரு தாளில், பேர்களுக்கு நேராகக் கட்டம் கட்டமாக 'மழை, மழை, மழை' என்று ஐந்து நாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆனால் அது விடியற்கால மழையை மட்டும்தான் காட்டும். மத்தியானம் கொட்டியதெல்லாம் அதில் ஏறாது.

பழைய பத்திரிகைகளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகம் இலவசம். ஊரின் பழைய பெயரைப் போட்டுத் தேடுங்கள். எங்கள் ஊர் அப்போது பத்தாங் பெர்ஜுந்தாய்.

அட்டையை மேல்பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதியைக் காலியாக விட்டு, பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.