ஹார்ட் டிஸ்க் சேர்த்த ராஸ்பெர்ரி பை பூட் ஆகலையா? கார்டை ஃபார்மேட் பண்ணிடாதீங்க

எங்க வீட்ல ஒரு ராஸ்பெர்ரி பை 4 (எஸ்டி கார்டுல இருந்து பூட் ஆகற சின்ன கம்ப்யூட்டர்) ஓடிட்டு இருக்கு, அதுல 2 டெராபைட் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மாட்டி குடும்ப ஃபோட்டோ, வீடியோ எல்லாம் அதுலதான் வெச்சிருக்கோம். ஒருநாள் சுத்தம் பண்ணும்போது டிஸ்க் கேபிள் கழண்டிருக்கு, யாரும் கவனிக்கல, அன்னைக்கு ராத்திரி கரண்ட் போய் வந்ததுக்கப்புறம் பை எழுந்திரிக்கவே இல்ல. எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியா உள்ள போறது) போகல, பிங் போகல. கேட்டவங்க எல்லாருமே "கார்டு போச்சு, புதுசா இமேஜ் எழுதிக்கோ"ன்னுதான் சொன்னாங்க. ஆனா கார்டுக்கு ஒண்ணுமே ஆகல, எந்த டிஸ்க்கை எங்க இணைக்கணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல நான் எழுதியிருந்த ஒரே ஒரு வரிதான் காரணம். இதே நிலைமைல நிறைய பேர் மாசக்கணக்குல பண்ணுன செட்டப்பை அழிச்சிடறாங்க, அதான் விவரமா எழுதறேன். கமாண்டை எல்லாம் உச்சரிக்கிற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன், நீங்க டைப் பண்ணும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க, எஃப்எஸ்டேப் வரில வர்ற 'யூயூஐடி=' மட்டும் பெரிய எழுத்துல.

முதல்ல எந்த இடத்துல நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். போர்டுல சிவப்பு லைட் பவருக்கு, பச்சை லைட் கார்டை படிக்கறதுக்கு. பச்சை லைட் ஒரே கணக்கா 4 தடவை மின்னி நிறுத்தி திரும்ப 4 தடவை மின்னுச்சுன்னா பூட்டுக்கு வேண்டிய ஸ்டார்ட்.எல்ஃப் ஃபைல் கிடைக்கலன்னு அர்த்தம், 7 தடவைன்னா கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) கிடைக்கல. இது ரெண்டும் வந்தா பூட் பார்ட்டிஷன்லயே கோளாறு. அப்படி இல்லாம பச்சை லைட் தாறுமாறா மின்னிட்டு அப்புறம் அடங்கிடுச்சு, ஆனா நெட்வொர்க்ல வரலன்னா, பெரும்பாலும் கெர்னல் எழுந்து வந்து அதுக்கப்புறம் எங்கயோ மாட்டிக்கிச்சுன்னு வெச்சுக்கலாம். அப்போ மானிட்டரை மாட்டிப் பாக்காம எதையும் முடிவு பண்ணாதீங்க. பை 4ல ரெண்டு எச்டிஎம்ஐ இருக்கு, பவர் போர்ட்டுக்கு பக்கத்துல இருக்கறதுல மாட்டுங்க.

பவரையும் ஒரு தடவை பாத்துடுங்க. பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வேணும், ஃபோன் சார்ஜர் பத்தாது. நாலு யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்தே மொத்தம் 1.2 ஆம்பியர்தான் குடுக்கும், சுத்தற டிஸ்க் ஸ்டார்ட் ஆகற அந்த நொடில நிறைய இழுக்கும். டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டாலோ ஸ்க்ரீன் மூலைல மின்னல் குறி வந்தாலோ தனி பவர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்கிடுங்க. பூட் ஆனதுக்கப்புறம் 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்' அடிச்சா 0எக்ஸ்0ன்னு வரணும், வேற எதாவது நம்பர் வந்தா வோல்டேஜ் குறைஞ்சிருக்கு இல்ல சூடாகியிருக்கு.

இப்ப முக்கியமான விஷயம். மானிட்டர்ல எமர்ஜென்சி மோட்னு வந்து, ரூட் (அட்மின்) அக்கவுன்ட் லாக் ஆகியிருக்கு, கன்சோல் திறக்க முடியாதுன்னு சொல்லி, என்டர் அடிச்சா திரும்ப திரும்ப அதே மெசேஜ் வருதா? அப்படின்னா உங்க எஃப்எஸ்டேப்ல சொல்லியிருக்கற ஏதோ ஒரு டிஸ்க் வரல. பூட் ஆகும்போது எல்லாத்தையும் எழுப்பிவிடற சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 செகண்ட் காத்துக்கிட்டு இருந்துட்டு, இது இல்லாம மேல போகக்கூடாதுன்னு நின்னுடும். எஸ்எஸ்எச் எல்லாம் அதுக்கு அப்புறம்தான் வரணும், அதான் வெளில இருந்து பாக்கறப்போ செத்துப்போன மாதிரி தெரியுது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ல ரூட் அக்கவுன்டை பாஸ்வேர்டே வெக்காம பூட்டி வெச்சிருக்கறதால எமர்ஜென்சி மோட்ல உள்ளயும் போக முடியாது.

வேற லினக்ஸ் மெஷின் இருந்தா வேலை சுலபம், கார்டை அதுல போட்டு ரெண்டாவது பார்ட்டிஷனை திறந்து இடிசி ஃபோல்டர்ல எஃப்எஸ்டேப்பை திறந்து நீங்க சேர்த்த டிஸ்க் வரிக்கு முன்னாடி ஒரு # போட்டுடுங்க. விண்டோஸ் மட்டும்தான் இருக்குன்னா இப்படி பண்ணுங்க. கார்டை மாட்டுனதும் பூட்எஃப்எஸ்னு ஒரு சின்ன டிரைவ் தெரியும், கூடவே இன்னொரு டிரைவை ஃபார்மேட் பண்ணட்டுமான்னு விண்டோஸ் கேக்கும், அதுதான் உங்க மொத்த சிஸ்டம் இருக்கற பார்ட்டிஷன், விண்டோஸுக்கு அதை படிக்கத் தெரியாது அவ்வளவுதான், தயவுசெஞ்சு கேன்சல் அடிங்க. பூட்எஃப்எஸ்குள்ள சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி இருக்கும். உள்ள எல்லாம் ஒரே வரியா இருக்கும், ஒரே வரியாதான் இருக்கணும். அந்த வரி முடியற இடத்துல ஒரு ஸ்பேஸ் விட்டு

இனிட்=/பின்/எஸ்எச்

னு சேருங்க, என்டர் அடிக்காதீங்க, ரெண்டாவது வரிக்கு போச்சுன்னா அது படிக்கப்படாது. சேவ் பண்ணி கார்டை பைல போட்டு, யூஎஸ்பி கீபோர்டும் மானிட்டரும் மாட்டி ஆன் பண்ணுங்க. பாஸ்வேர்ட் எதுவும் கேக்காம நேரா # குறி வந்து நிக்கும். அந்த நேரத்துல கார்டு ரீட்-ஒன்லியா (படிக்க மட்டும்) இருக்கலாம், அதனால முதல்ல

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /

அடிச்சுட்டு, 'நானோ /இடிசி/எஃப்எஸ்டேப்'னு திறந்து, நீங்க சேர்த்த டிஸ்க் வரிக்கு முன்னாடி ஒரு # போடுங்க. அழிக்க வேண்டாம், பின்னாடி தேவைப்படும். ஏற்கனவே இருக்கற / வரியையும் பூட் வரியையும் தொடவே கூடாது. சேவ் பண்ணி 'சிங்க்'னு அடிச்சு ரெண்டு செகண்ட் விட்டு பவரை எடுங்க, கார்டை திரும்ப லேப்டாப்புல போட்டு சேர்த்த வார்த்தையை எடுத்துடுங்க. அடுத்த தடவை வழக்கம் போல பூட் ஆகும்.

பூட் ஆனதுக்கப்புறம் சிஎம்டிலைன், கான்ஃபிக் ஃபைலை எல்லாம் பைக்குள்ள இருந்தே திருத்தறீங்கன்னா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, 2023 அக்டோபர்ல வந்த புக்வார்ம் வெர்ஷன்ல இருந்து அதெல்லாம் /பூட்/ஃபர்ம்வேர் உள்ளதான் இருக்கு. பழைய கைடு பாத்து /பூட்ல தேடுனா, இங்க எடிட் பண்ணாதே, ஃபைல் இடம் மாறிடுச்சுன்னு எழுதியிருக்கும்.

சரி, இப்ப டிஸ்க்கை ஒழுங்கா மவுண்ட் பண்ணலாம் (அதாவது ஒரு ஃபோல்டரோட இணைக்கலாம்). எதை தொடறதுக்கு முன்னாடியும் எஃப்எஸ்டேப்புக்கு ஒரு காப்பி எடுத்து வைங்க. அப்புறம் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' அடிச்சா ஒவ்வொரு பார்ட்டிஷனோட யூயூஐடி (அதுக்குன்னே உள்ள அடையாள நம்பர்), ஃபைல் சிஸ்டம் எல்லாம் தெரியும். எஸ்டிஏ1னு பேரைப் போட்டு மவுண்ட் பண்ணாதீங்க, ரெண்டு டிரைவ் இருந்தா எது முதல்ல எழுந்திருக்குதோ அது எஸ்டிஏ ஆயிடும், இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு. யூயூஐடி மாறாது, நீங்களே ஃபார்மேட் பண்ணுனா மட்டும்தான் மாறும். 'சூடோ எம்கேடிர் /எம்என்டி/ஃபோட்டோ'ன்னு காலி ஃபோல்டர் உருவாக்கிட்டு எஃப்எஸ்டேப்ல இந்த வரியை போடுங்க:

யூயூஐடி=உங்க நம்பர் /எம்என்டி/ஃபோட்டோ எக்ஸ்ட்4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்,நோஏடைம்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10 0 2

இதுல நோஃபெயில்தான் உயிர். டிஸ்க் வரலன்னாலும் பரவால்ல, நீ பூட் ஆகிக்கோன்னு சொல்றது அதுதான், என் பழைய வரில அது இல்லாததாலதான் அவ்வளவு பாடு. கமாவுக்கு நடுவுல ஸ்பேஸ் விடக்கூடாது. டிஸ்க் எக்ஸ்ஃபேட் இல்ல என்டிஎஃப்எஸ்னா எக்ஸ்ட்4க்கு பதிலா அதைப் போட்டு, ஆப்ஷன்ல யூஐடி=1000,ஜிஐடி=1000 சேருங்க, கடைசி 2க்கு பதிலா 0 போடுங்க. அந்த ரெண்டு ஃபைல் சிஸ்டத்துலயும் ஓனர் யாருன்னு மவுண்ட் பண்ணும்போதே சொல்லிடறது நல்லது, எக்ஸ்ஃபேட்ல சிஎச்ஓன் (ஓனரை மாத்தற கமாண்ட்) அடிச்சு மல்லுக்கட்டி பிரயோஜனமே இல்ல.

எழுதுனதும் உடனே ரீபூட் பண்ணாதீங்க. முதல்ல 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை', அது வரில தப்பு இருந்தா காட்டிக்குடுக்கும். அப்புறம் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அதுக்கப்புறம் 'சூடோ மவுண்ட் -ஏ'. எர்ரர் எதுவும் இல்லாம ஃபோல்டர்ல ஃபைல் தெரிஞ்சா மட்டும் ரீபூட். முடிஞ்சா ஒருதடவை டிஸ்க்கை கழட்டிட்டும் ரீபூட் பண்ணிப் பாருங்க, அதுலயும் எழுந்து வந்தாதான் நம்பலாம்.

நோஃபெயில் போட்டா வர்ற ஒரு ஆபத்தையும் சொல்லிடறேன். டிஸ்க் மவுண்ட் ஆகாத நாள்ல அந்த ஃபோல்டர் காலி ஃபோல்டரா கார்டுலயே இருக்கும், உங்க பேக்கப் புரோகிராம் அதுக்கு தெரியாம கார்டுக்குள்ளயே எழுதித் தள்ளி கார்டை ரொப்பிடும். இதுக்கு டிஸ்க்கை அன்மவுண்ட் பண்ணிட்டு, அந்த காலி ஃபோல்டர் மேல 'சூடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/ஃபோட்டோ' அடிச்சு பூட்டிடுங்க. டிஸ்க் இல்லாதப்போ ரூட்டால கூட அதுல எழுத முடியாது, மவுண்ட் ஆயிட்டா டிஸ்க்குல வழக்கம் போல எழுதலாம். நான் ஒவ்வொரு மவுண்ட் ஃபோல்டருக்கும் இதை பண்றேன்.

எஸ்எஸ்டில இருந்து பூட் பண்றவங்களுக்கு ஒண்ணு. கார்டை அப்படியே டிடி கமாண்ட் வெச்சு எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணுனா ரெண்டுக்கும் ஒரே பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனோட அடையாள நம்பர்) வந்துடும், ரெண்டும் மாட்டியிருந்தா எதை ரூட்டா (சிஸ்டம் ஓடற பார்ட்டிஷனா) எடுக்கும்னு சொல்லவே முடியாது, கார்டுல பண்ணுன மாத்தம் எஸ்எஸ்டில காணோம்னு குழம்புவீங்க. 'ஃபைண்ட்எம்என்டி /' அடிச்சா இப்ப எதுல ஓடுதுன்னு தெரியும். பழைய கார்டை கழட்டி வெச்சுட்டு, பூட் ஆர்டரை 'சூடோ ஆர்பிஐ-ஈஈப்ராம்-கான்ஃபிக்'ல பாருங்க. 0எக்ஸ்எஃப்41னு இருந்தா வலது பக்கத்துல இருந்து படிக்கணும், 1 எஸ்டி கார்டு, 4 யூஎஸ்பி, எஃப்னா திரும்ப முதல்ல இருந்து. யூஎஸ்பி முன்னாடி வேணும்னா 0எக்ஸ்எஃப்14ன்னு மாத்திக்கோங்க, ராஸ்பி-கான்ஃபிக்ல அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் உள்ளயும் இதே மாத்தத்தை மெனுவுல பண்ணிடலாம்.